முன்பல்

டிக்கெட் வாங்கியது பிப்ரவரியில்.
பிரிந்தது ஜூனில்.
நவம்பரில் தம்பெரே ரயிலடியில்
தௌனோ நின்றிருந்தான், என் டி-ஷர்ட்டில்.
"ஒன்று என் பெயரில் இருக்கிறதே" என்றான்.
இருக்கட்டும் என்றேன்.
பனியென்றும் சொல்ல முடியாத
மழையென்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று
தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் பல் செய்கிறவள்.
மெழுகில் செதுக்கி, பீங்கான் பூசி, சூளையில் சுட்டு
முகம் பார்த்திராத வாய்களுக்குப்
பெட்டியில் போட்டு அனுப்புகிறவள்.
பதினெட்டு வருடமாய் என் வேலை மேசையில்
'துருத் துடுப்பு' குழுவின் முதல் இசைத்தட்டு.
அதில் பாடுகிற இல்மோவுக்கு
முன்பல் பாதி கிடையாது.
ஹாக்கி மட்டை என்பார்கள்,
மைக் இடித்தது என்பார்கள்,
வெறும் குளியலறைக் கதவு என்றாளாம் அவன் தங்கை.
அந்த ஓட்டை வழியாக
ஒவ்வொரு 'ஸ்'ஸும்
ஜன்னல் இடுக்கில் காற்றுபோலச்
சீட்டியடித்து வெளியேறும்.
ஸுமு என்பான், மூடுபனி.
ஸுவோலா என்பான், உப்பு.
எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது
பாட்டு இல்லை.

பழைய நூல் ஆலையின் கிடங்கு.
விளக்கு அணைந்து முதல் அடி விழுந்தபோது
என் விலாவுக்குள் யாரோ
மேசையை இழுத்துப் போட்டார்கள்.
எதிரே இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு முதுகு.
முதுகுக்குச் சொந்தக்காரன் திரும்பினான், குனிந்தான்,
ஒரு வார்த்தை பேசாமல்
அலமாரியில் ஜாடியை மாற்றி வைப்பதுபோல
என்னைத் தூக்கித் தனக்கு முன்னால் வைத்தான்.

இல்மோ வந்தான். சிரித்தான்.
எல்லோரும் கை தூக்க
நான் பல்லைப் பார்த்தேன்.
முழுசு. புதுசு.
நிறம் ஒரு படி வெளுப்பு,
ஓரம் கொஞ்சம் தட்டை, அவசர வேலை.
நானாக இருந்தால்
பக்கத்துப் பல்லோடு சம்பந்தம் பேச
ஒரு சொட்டுக் காப்பிக் கறையாவது தீட்டியிருப்பேன்.

ஏழாவது பாட்டு.
ஸுவோலா என்றான்.
சுத்தமாக,
வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல.
கேட்டாயா என்று சொல்லத்
தௌனோ பக்கம் திரும்பினேன்.
பதினோரு வருடப் பழக்கம்,
கழுத்துக்குத் தெரியுமா விவாகரத்து.
அங்கே வேறு யாரோ.

இரண்டாம் பல்லவிக்கு
மைக்கை எங்கள் பக்கம் நீட்டினான்.
நாங்கள் இசைத்தட்டில் படித்தவர்கள்,
பிசகோடு சேர்த்துப் பாடமானவர்கள்.
வாய் நிறையப் பல் இருந்தும்
நாக்கை மடித்து, உதட்டைக் கோணி
மூவாயிரம் பேர்
அவனுடைய ஓட்டையை ஊதினோம்.
ஸ்ஸ்ஸுமு
ஸ்ஸ்ஸ்ஸுவோலா
கூரைத் தகடு அதிர்ந்தது.
டிரம் நின்றுவிட்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை.
இல்மோ புறங்கையால்
தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
பேஸ் கிடாரோடு ஸிர்க்கா
எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள், தோள் குலுங்க.
சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

மேலங்கி வாங்கும் வரிசையில்
தௌனோ என்னைப் பிடித்தான். கத்தினான்,
காது அடைத்தவர்கள் கத்துகிற கத்தல்:
"பீருக்கு நின்றேன், அங்கேயும் ஊதினார்கள்,
காசு வாங்குகிற பெண்கூட!"
பிறகு, "பல் எப்படி?"
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
"ஒரு படி வெளுப்பு."
தலையாட்டினான், தன் வீட்டு விஷயம்போல.
டி-ஷர்ட்டைத் திருப்பிக் கேட்க நினைத்தேன்.
அடியில் ஒன்றும் போடாமல் வந்திருப்பான்,
வெளியே குளிர் மைனஸ் நான்கு.
அவன் ரயில் பதினொன்று நாற்பது.
என்னுடையது அதற்கடுத்தது.

திங்கட்கிழமை வரைக்கும் காதுக்குள் அந்தக் காற்று.
சூளை மணி அடித்திருக்கிறது,
எனக்குக் கேட்கவில்லை.
லாஹ்தியில் யாருக்கோ போகவேண்டிய
கடைவாய்ப் பல் இரண்டு
கருகிப்போயின.